எழும்பூர் கர்க் பைப் ஆர்கன்: 'இசைக்கருவி வேண்டாம்' என்ற சபைக்குள் அது எப்படி வந்தது? (வரலாறு + பராமரிப்பு)

#1 எழும்பூர்வாசி

எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம், அதாவது நம்ம கர்க், 1821 பிப்ரவரி 25ல் திறக்கப்பட்டது. அங்கே இருக்கும் பைப் ஆர்கன் 1883ல் வந்தது; செய்தவர்கள் யார்க்‌ஷயர் ஹடர்ஸ்ஃபீல்டின் பீட்டர் கொனாக்கர் கம்பெனி. இது வரைக்கும் தெளிவு. ஆனால் கட்டியவர்கள் ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்கள். ஆராதனையில் கருவியே கூடாது, சங்கீதத்தைத் தொண்டையால் பாடினால் போதும் என்று இருந்த மரபு அது. பிறகு எப்படி இவ்வளவு பெரிய கருவியை ஆர்டர் கொடுத்து கப்பலில் இறக்கினார்கள்? 1883ல்தான் ஸ்காட்லாந்தில் அனுமதி கிடைத்தது, அதே வருஷம் இங்கே வந்தது என்று ஒரு இடத்தில் படித்தேன். சரியா?

இன்னொன்று. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், இந்த வெக்கையில், மரமும் தோலும் ஈயமுமாக இருக்கும் ஒரு கருவியை எப்படிப் பராமரிப்பது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

#2 சங்கீதம்_மெட்டு

முதலில் அந்த 1883 கணக்கைத் திருத்திவிடலாம். 1883ல் ஆர்கனுக்கு வழிவிட்டது ஃப்ரீ சர்ச். 1843ல் ஸ்காட்லாந்து தாய்ச்சபையிலிருந்து பிரிந்து போனவர்கள் அவர்கள். எழும்பூர் கர்க் அரசு அங்கீகாரம் பெற்ற தாய்ச்சபையோடு நின்றது. மதராஸில் பிரிந்தவர்கள் ஜான் ஆண்டர்சன் முதலான மிஷனரிகள். கர்க்கின் சாப்ளின்கள் (ஆலய குருமார்) 1835ல் தொடங்கிய பள்ளியை 1837ல் வந்து ஏற்று நடத்தினாரே, அவர்தான். பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அந்த வரிசைதான். ஆகவே ஃப்ரீ சர்ச் தீர்மானத்துக்கும் எழும்பூர் ஆர்கனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வருஷம் ஒத்துப்போனது தற்செயல்.

தாய்ச்சபையில் கதவு திறந்தது 1860களில். அதற்கு முன் நடந்த சண்டை ரொம்ப நீளம்.

சீர்திருத்தத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் ஆர்கன்கள் எடுக்கப்பட்டன. 1617ல் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் வருகிறார் என்று ஹோலிரூட் அரண்மனைச் சிற்றாலயத்தில் ஒன்று வைத்தார்கள். எடின்பரோவாசிகளுக்குப் பிடிக்கவில்லை. 1644ல் லண்டனில் பாராளுமன்றம் ஆர்கன்களை அகற்ற ஆணையிட்டபோது ஸ்காட்டியப் பிரதிநிதிகள் மகிழ்ந்து ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். அதன் பிறகு இரண்டு நூற்றாண்டு 1650 சங்கீதப் புத்தகமும் முன்பாடகரும்தான். முன்பாடகர் ஒரு வரி சொல்வார், சபை அதை இழுத்துப் பாடும். ஆர்கனுக்கு அவர்கள் வைத்த கேலிப்பெயர் 'விசில் பெட்டி'.

1807 கிளாஸ்கோ வழக்கு முக்கியம். அங்கேயும் புனித அந்திரேயா ஆலயம்தான். ஆயர் வில்லியம் ரிச்சி 1806லேயே நகர மன்றத்திடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. வாரநாள் பாட்டுப் பயிற்சியில் ஒரு சிறிய ஆர்கனைப் பயன்படுத்தி வந்தார்கள். 1807 ஆகஸ்ட் 23, ஞாயிறு ஆராதனையிலேயே அதை வாசித்துவிட்டார்கள். நகரத் தலைவர் புகார் செய்தார். அக்டோபர் 7ல் கிளாஸ்கோ பிரஸ்பிட்டெரி (வட்டாரச் சபை மன்றம்), பொது ஆராதனையில் ஆர்கன் பயன்படுத்துவது நாட்டின் சட்டத்துக்கும் சபையின் சட்டத்துக்கும் முரண் என்று தீர்மானித்தது. கருவி வெளியே போனது. ரிச்சி மட்டும் பிறகு எடின்பரோவில் இறையியல் பேராசிரியர் ஆகிவிட்டார். தண்டனை ஆர்கனுக்குத்தான், ஆயருக்கு இல்லை!

கதவைத் திறந்தவர் எடின்பரோ ஓல்டு கிரேஃப்ரையர்ஸ் ஆயர் ராபர்ட் லீ. 1863ல் ஒரு ஹார்மோனியம் வைத்தார். 1864 பொதுப்பேரவை அதை முழுசாக ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை: சபையின் சமாதானம் கெட்டால் மட்டும் பிரஸ்பிட்டெரி தலையிடலாம் என்றது. 1865ல் லீ பைப் ஆர்கனே வைத்துவிட்டார். அதன் பிறகு வெள்ளம்தான். யுனைடெட் பிரஸ்பிட்டேரியன் சபை 1872ல் அனுமதித்தது. எடின்பரோ செயின்ட் கைல்ஸில் 1878ல் ஹாரிசன் கம்பெனி செய்த கருவி, கிளாஸ்கோ பேராலயத்தில் 1879ல் ஹென்றி வில்லிஸ் செய்தது. பெய்ஸ்லி ஆபி பாரிஸிலிருந்து கவாயே-கொல் கருவியையே வரவழைத்தது.

1883ல் மதராஸுக்கு ஆர்கன் வந்தபோது ஸ்காட்லாந்தில் பெரிய ஆலயங்கள் ஏற்கெனவே வாங்கி முடித்திருந்தன. புரட்சியெல்லாம் இல்லை. தலைநகர் பார்த்து மாகாணம் செய்தது.

---

#3 ரோலர்_போர்டு

அருமையான பதிவு ஐயா. ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 'புரட்சி இல்லை' என்பது சட்டத்துக்குச் சரி. கட்டடத்துக்குச் சரியில்லை.

கர்க் ஒரு வட்டம். 81½ அடி விட்டம், நடுவில் 16 தூண்கள், மேலே 51½ அடி விட்டத்தில் கவிமாடம். மேஜர் தாமஸ் டி ஹாவிலாண்ட் கட்டியது. நிலம் ஈரமென்று கிணறுகள் இறக்கி அதன்மேல் அடித்தளம் எழுப்பினார். பிரசங்கம் கேட்பதற்கென்று வடிவமைத்த அறை அது. 'ஆர்கனுக்கு இந்த இடம்' என்று யாரும் யோசித்துக் கட்டியதில்லை. ஆங்கிலிகன் கோயில்களில் பாடகர் பகுதியும் மேற்கு மாடமும் இருக்கும், கருவி அங்கே போய் உட்காரும். பிரஸ்பிட்டேரியன் ஆலயங்களில் எல்லாவற்றையும் பிரசங்க மேடையை வைத்தே அளப்பார்கள். பிற்பாடு ஆர்கன் வரும்போது எதையாவது தள்ளித்தான் வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பல இடங்களில் பிரசங்க மேடைக்குப் பின்சுவரிலேயே குழாய்கள் ஏறின. ஆயர் தலைக்குமேல் முகப்புக் குழாய்கள் தெரிகிற அந்தத் தோற்றம் அப்படி வந்ததுதான்.

கவிமாடம் ஒலியைக் குவித்துத் திருப்பி அனுப்பும். பேச்சுக்கு அது தொல்லை. ஆர்கனில் நீண்டு பிடிக்கிற சுரத்துக்குத் தாங்கும், வேகமான நடைக்குக் குழம்பும். அங்கே வாசிப்பவர் கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் முன்பே விட்டால் அடுத்த அடி தெளிவாக விழும்.

---

#4 நெல்லை_பாமாலை

கொனாக்கரை ஏன் தேர்ந்தார்கள்? ஸ்காட்லாந்துக்காரர் என்பதாலா?

---

#5 சங்கீதம்_மெட்டு

பீட்டர் கொனாக்கர் பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர்தான், 1854ல் ஹடர்ஸ்ஃபீல்டில் தொழில் தொடங்கினார். அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் விலையும் தவணையும் சொல்லாமல் யாரும் ஆர்கன் வாங்கியதில்லை. நடுத்தர சபைகளுக்கு உறுதியான, அளவான கருவி செய்து கொடுப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம்.

---

#6 துருத்தி_ராஜா

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கீழே உள்ளது 1880களின் ஆங்கிலேய டிராக்கர் கருவிகளுக்கு (கட்டையை அழுத்தினால் மரப்பட்டைகள் இழுத்து வால்வைத் திறப்பவை) பொதுவானது. மேனுவல் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை) 56 கட்டை, பெடல் (காலால் வாசிப்பது) 30 கட்டை, காற்றழுத்தம் சுமார் 3 அங்குல நீர்மட்டம்.

துருத்தி. காற்றைச் சேமிக்கும் பெட்டியின் மேற்பலகை மேல் எடை வைத்திருப்பார்கள். அந்த எடைதான் அழுத்தம். கணக்கு எளிது: 1 மி.மீ நீர்மட்டத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1 கிலோ. 75 மி.மீ வேண்டும், பலகை 2.2 சதுர மீட்டர் என்றால் பலகையோடு சேர்த்து 165 கிலோ. சுத்தம் செய்கிறேன் என்று ஒரு இரும்புக் கட்டியை எடுத்து ஓரமாக வைத்தால் மொத்தக் கருவியின் சுருதியும் இறங்கும், ரீடு குழாய்கள் (பித்தளை நாக்கு வைத்தவை) பேசவே தயங்கும். பழைய பாட்டுப் புத்தகக் கட்டுகளை அதன்மேல் அடுக்கினால் எதிர்ப்பக்கமாகக் கெடும். அளக்க U வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் போதும். ஆர்கன் குழாய் ஒன்றைத் தூக்கிவிட்டு அந்தத் துளையில் இதை ரப்பர் அடைப்போடு செருகி, அந்தக் குழாயின் ஸ்டாப்பை (ஒரு வரிசைக் குழாய்களைத் திறக்கும் இழுப்பான்) இழுத்து, அதன் கட்டையை அழுத்தி, இரு நீர்மட்டங்களின் வித்தியாசத்தைப் படியுங்கள்.

பக்கங்களில் மடிப்பு விலாக்கள் இருக்கும், ஒரு அடுக்கு உள்ளே மடியும், ஒரு அடுக்கு வெளியே மடியும். துருத்தி ஏறினாலும் இறங்கினாலும் அழுத்தம் மாறாமல் இருக்க இந்த ஏற்பாடு. இதைக் கண்டவர் அலெக்சாண்டர் கம்மிங், எடின்பரோவில் பிறந்த கடிகாரக்காரர். ஆர்கனைத் துரத்திய ஊரிலிருந்து வந்த உதவி!

முதலில் போவது மூலைத்தோல். விலாக்கள் சேரும் நான்கு மூலைகளிலும் மெல்லிய ஆட்டுத்தோல், ஒவ்வொரு அசைவிலும் மடிகிறது. சோதிக்க: காற்று நிறைந்தபின் மோட்டாரை நிறுத்தி, எந்தக் கட்டையும் தொடாமல், துருத்தி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். வருஷத்துக்கு வருஷம் நேரம் குறைகிறதா என்பதுதான் முக்கியம். தோல் மாற்றும்போது விலங்குப் பசைதான், 60 டிகிரிக்கு மேல் சூடேற்றாமல். வெள்ளைப் பசை (பிவிஏ) போட்டால் அடுத்த தலைமுறை அதைப் பிரிக்க மரத்தையே சுரண்ட வேண்டியிருக்கும். விலங்குப் பசை வெந்நீர்த் துணியில் விட்டுக்கொடுக்கும்.

ஆனால் அதுவே இங்கே அதன் பலவீனம். தொடர்ந்த ஈரத்தில் இளகும், பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் வெப்ப நாடுகளுக்குப் போகும் கருவிகளில் நல்ல கம்பெனிகள் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகு போட்டார்கள், தேக்கு, மஹோகனி போன்ற மரம் எடுத்தார்கள். இரும்புத் திருகு இருந்தால் கடற்காற்றில் துரு ஊறி மரத்தைப் பிளக்கும்.

---

#7 எழும்பூர்வாசி

மோட்டார் பற்றி? முன்பு ஆள் துருத்தி மிதித்த காலத்தில் என்ன செய்தார்கள்?

---

#8 துருத்தி_ராஜா

மிதிப்பது குறைவு, பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு நெம்புகோல், மேலும் கீழும் அடிப்பது. துருத்தியோடு கட்டிய நூலில் ஒரு சிறு ஈயக்கட்டி வெளியே தொங்கும், பலகையில் ஒரு கோடு கீறியிருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டவிடாமல் அடிப்பதுதான் வேலை.

இப்போது மின் ஊதி. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஊதி எந்தக் காற்றை இழுக்கிறது? வெளியே தகர ஷெட்டில் வைத்தால் 40 டிகிரிக் காற்றைக் கருவிக்குள் தள்ளும், குழாய்கள் ஆலயத்தின் வெப்பத்தில் நிற்கும். வாசிக்க வாசிக்கச் சுருதி நகரும். ஆலயத்துக்குள்ளிருந்தே காற்று இழுக்க வழி செய்து, முன்னால் ஒரு தூசு வடிகட்டி போடுங்கள்.

---

#9 ரோலர்_போர்டு

வெப்பம் பற்றிப் பேச்சு வந்ததால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புல்லாங்குழல் வகைக் குழாயின் சுருதி காற்றில் ஒலியின் வேகத்தைப் பொறுத்தது. டிகிரிக்குச் சுமார் 3 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 15 டிகிரியில் 440 பேசும் குழாய் 30 டிகிரியில் சுமார் 451 பேசும். யார்க்‌ஷயர் பட்டறையில் சுருதி சேர்த்து அப்படியே அனுப்பினால் மதராஸில் அடுத்த கட்டைக்குப் போகிற தூரத்தில் கிட்டத்தட்ட பாதி ஏறி நிற்கும். சரிசெய்ய 4 அடிக் குழாயை சுமார் 1¼ அங்குலம் நீட்ட வேண்டும். வெட்டிய ஈயத்தை நீட்டுவது பெரும்பாடு. அதனால் வெப்ப நாட்டுக் கருவிக்குக் குழாயை நீளமாக விட்டு, வந்து இறங்கிய இடத்தில் இறுதிச் சுருதி சேர்ப்பதுதான் முறை.

ரீடு குழாய்கள் (ட்ரம்பெட், ஓபோ) பித்தளை நாக்கால் பேசுபவை. வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாது. இதில்தான் ஏ.சி. போட்ட ஆலயங்கள் மாட்டிக்கொள்கின்றன. வெள்ளிக்கிழமை 31 டிகிரியில் சுருதி சேர்த்துவிட்டு ஞாயிறு 24ல் வாசித்தால் மற்ற குழாய்கள் 20 சென்ட் இறங்கியிருக்கும், ரீடு மட்டும் மேலே நின்று கத்தும். உடனே எல்லாக் குழாயையும் தட்ட ஆரம்பிப்பது தப்பு. ரீடுகளை மட்டும் அன்றைய வெப்பத்தில் மற்றவற்றோடு சேர்த்தால் போதும். நாக்கை அழுத்திப் பிடிக்கும் சுருதிக் கம்பியைக் கீழே தட்டினால் நாக்கின் அதிரும் பகுதி குறையும், சுருதி ஏறும். மேலே தட்டினால் இறங்கும்.

எந்தக் குழாயையும் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு சுருதி கேட்காதீர்கள். உடல் சூடே போதும் ஏமாற்ற.

---

#10 நெல்லை_பாமாலை

எங்கள் ஊர் ஆலயத்திலும் ஒரு பழைய சிறிய கருவி உண்டு. மழைக்காலத்தில் ஒரு கட்டையை அழுத்தாமலே சத்தம் வருகிறது. ஆராதனை நடுவில் வந்தால் என்ன செய்வது? பூட்டி வைத்துவிடலாம், கீபோர்டு போதும் என்று மூப்பர்கள் சொல்கிறார்கள்.

---

#11 ரோலர்_போர்டு

பூட்டாதீர்கள் அண்ணே. பூட்டிய கருவிதான் சீக்கிரம் சாகும். தோல் விறைக்கும், எலி குடியேறும். கீபோர்டும் இருக்கட்டும், ஆனால் அதன் உள்ளே இருக்கும் பலகை பத்து, இருபது வருஷத்தில் உதிரி கிடைக்காமல் நிற்கும்.

இதை சைஃபர் என்பார்கள். பதற்றப்படாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

கப்ளர் (ஒரு மேனுவலை இன்னொன்றோடு இணைக்கும் இழுப்பான்) ஏதாவது இழுத்திருந்தால் தள்ளுங்கள். சத்தம் நின்றால் கோளாறு அடுத்த மேனுவலில் அல்லது கப்ளரில்.

நிற்கவில்லையா, அந்தக் கட்டையை நாலைந்து தடவை சுருக்கென்று அழுத்தி விடுங்கள். காற்றுப்பெட்டிக்குள் (குழாய்கள் நிற்கும் பெட்டி) பேலட் என்று ஒரு நீளமான மர வால்வு இருக்கிறது; அதன் தோலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மரத்தூள் ஒன்று சிக்கினாலே இப்படி ஆகும். பாதி சைஃபர் இதிலேயே போய்விடும்.

பிறகு கட்டையின் முன்னுனியை விரலால் லேசாக மேலே தூக்குங்கள். சத்தம் நின்றால் பேலட் நன்றாக இருக்கிறது, இழுகம்பிகள் (டிராக்கர்கள்) இறுகியிருக்கின்றன. மழைக்காலக் கோளாறு பெரும்பாலும் இதுதான். டிராக்கர் என்பது நீளவாட்டில் அறுத்த மெல்லிய பைன் பட்டை, அது ஈரத்தில் நீளம் மாறுவது மிகக் குறைவு. ஆனால் அதைத் தாங்கும் சட்டமும் கட்டைகளும் குறுக்குவாட்டில் உப்பும். இடைவெளி மாறி இழுவை கூடுகிறது. பட்டை நுனிப் பித்தளைக் கம்பியில் வட்டமான தோல் நட்டு இருக்கும், அதை அரைச்சுற்று தளர்த்துங்கள். எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள், கோடையில் திரும்ப முறுக்க வேண்டும். எல்லாக் கட்டையும் ஒரே அளவு இறுகியிருந்தால் நட்டைத் தொடாதீர்கள், ஆலயத்தின் ஈரப்பதம்தான் மாறியிருக்கிறது.

இதுவும் இல்லையென்றால் கட்டைத் துளைக்குள் ஓடும் பித்தளை ஆணியில் பச்சை பிடித்திருக்கலாம், அல்லது பேலட் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். ஸ்பிரிங் என்றால் ஊதியை நிறுத்தி, காற்றுப்பெட்டியின் முன்பலகையைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஆராதனை நடுவில் என்றால்: ஸ்டாப்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, கத்துகிற ஸ்டாப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதில் வாசியுங்கள். எல்லாம் கத்தினால் அந்த மேனுவலையே விட்டுவிடுங்கள். உள்ளே ஏறத் தெரிந்தவர் இருந்தால் அந்தக் குழாயைத் தூக்கி, துளைமேல் ஒரு தாள் துண்டு வைத்து, குழாயை மேலே உட்கார வைத்தால் பேசாது. துணியைக் குழாய் வாய்க்குள் திணிக்காதீர்கள். உதடு வளைந்தால் அந்தக் குழாயின் குரலே போய்விடும்.

---

#12 சங்கீதம்_மெட்டு

பூச்சிகளைச் சொல்லவில்லையே. வெள்ளிமீனும் கரப்பானும் தோலைத் தின்னும். கறையானுக்குக் கருவியின் அடிச்சட்டம் தரையைத் தொடும் இடம் வாசல்.

---

#13 துருத்தி_ராஜா

ஆமாம். ஆனால் மருந்து அடிக்கும் ஆட்கள் கருவிக்குள் தெளிப்பதைத் தடுங்கள். எண்ணெய் கலந்த மருந்து தோலில் ஊறினால் பேலட் ஒட்டும். தரையைச் சுற்றி அடிக்கலாம், உள்ளே வேண்டாம்.

இன்னொரு எதிரி ஓக் மரம். கேட்டால் நம்பமாட்டீர்கள். அதிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயக் குழாயின் கால்பகுதியை வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஐரோப்பாவில் பழைய கருவிகள் பலவற்றில் இதுதான் பிரச்சினை. குழாய்க் காலில் வெண்பொடி தெரிந்தால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள், படமெடுத்து நிபுணரிடம் காட்டுங்கள். புதுசாக வார்னிஷ், சிலிகான் சீலன்ட் எதுவும் காற்றுப்பெட்டி பக்கம் வேண்டாம். சில சீலன்ட்கள் விடுவதும் அதே அமிலம்தான்.

---

#14 எழும்பூர்வாசி

ஏ.சி. வேண்டுமா வேண்டாமா? முடிவாகச் சொல்லுங்கள்.

---

#15 ரோலர்_போர்டு

ஞாயிறு மூன்று மணி நேரம் மட்டும் போடுவதாக இருந்தால் வேண்டாம், மின்விசிறி போதும். மரம் 70 சதவீத ஈரப்பதத்துக்கும் பழகும், 50க்கும் பழகும். ஆறு நாள் 75ல் ஊறி ஏழாம் நாள் திடீரென்று 45க்கு இறங்கினால்தான் காற்றுப்பெட்டியின் மேற்பலகை வெடிக்கும். வெடித்தால் ஒரு சுரத்தின் காற்று அடுத்த பள்ளத்துக்கு (ஒவ்வொரு கட்டைக்கும் காற்று போகும் வழி) கசிந்து, பக்கத்துக் குழாய் முனகும். பழைய மருந்து பள்ளங்களில் சூடான தண்ணிப்பசை ஊற்றி நிரப்பி வடிப்பது. பெரிய வெடிப்பு என்றால் மேற்பலகையையே பிரித்துப் புதுசாகப் போட வேண்டும், கருவி மாதக்கணக்கில் மௌனம்.

ஏ.சி. போட்டே ஆக வேண்டுமென்றால் காற்று நேராகக் குழாய்களில் அடிக்காதபடி வையுங்கள், சனிக்கிழமை மாலையிலிருந்தே மெதுவாக இறக்குங்கள். 500 ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைக் கருவிக்குள் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

---

#16 நெல்லை_பாமாலை

கட்டையை மேலே தூக்கிப் பார்த்தேன், நின்றுவிட்டது. இழுகம்பிதான். ஆனால் நட்டு சுற்றவே வரவில்லை, கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

---

#17 துருத்தி_ராஜா

குறடு போட்டுத் திருகாதீர்கள், பழைய கம்பி பட்டையிலிருந்து கழன்று வரும். பட்டையை ஒரு கையால் பிடித்து, நட்டின் தோலில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு ஐந்து நிமிஷம் பொறுத்து விரலால் முயலுங்கள். வராவிட்டால் நட்டைப் பிளேடால் பிளந்து எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். கெட்டியான தோலில் வட்டம் வெட்டி, கம்பியைவிடச் சிறிய துளை போட்டால் அதுவே மரை பிடித்துக்கொள்ளும். 56 கட்டைக்கும் சேர்த்து வெட்டி வையுங்கள். ஒன்று ஒட்டியிருந்தால் பக்கத்திலிருப்பதும் ஒட்டியிருக்கும்.